யோகா மேட் வாங்கும் முன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யோகா வகுப்பில் புதிதாகச் சேருகிறவர்கள் ஆசனத்தைப் பற்றிக் கேட்பதைவிட மேட்டைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். கடையில் 300 ரூபாய்க்கும் இருக்கிறது, 10,000 ரூபாய்க்கும் இருக்கிறது. பார்த்தால் இரண்டும் சுருட்டி வைத்த ரப்பர் ஷீட் மாதிரிதான் தெரிகிறது. குழப்பம் வரத்தான் செய்யும். வீட்டுத் தரை எப்படிப்பட்டது, உங்களுக்கு எவ்வளவு வியர்க்கும், என்ன பயிற்சி செய்யப் போகிறீர்கள் என்ற மூன்றுக்கும் பதில் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. கீழே சொல்லும் விலைகள் எல்லாம் தோராயமானவை. கடைக்குக் கடை மாறும்.

இப்போதுதான் கற்க ஆரம்பித்திருக்கிறேன். முதல் நாளே மேட் வாங்கியாக வேண்டுமா?

வேண்டாம். மூச்சுப் பயிற்சி, தியானம், உட்கார்ந்தும் படுத்தும் செய்கிற எளிய ஆசனங்கள் மட்டும்தான் என்றால் வீட்டில் இருக்கும் ஜமுக்காளத்தை இரண்டாக மடித்துப் போட்டாலே போதும். பிராணாயாமத்துக்காக நாலாயிரம் ரூபாய் மேட் வாங்குவது வீண் செலவு.

சூரிய நமஸ்காரம் ஆரம்பிக்கும்போதுதான் மேட்டின் அவசியம் தெரியும். கையையும் காலையும் ஊன்றி இடுப்பை மேலே தூக்கும் அதோமுக ஸ்வானாசனத்தில், உடல் எடை கையை முன்னாலும் காலைப் பின்னாலும் தள்ளும். டைல்ஸ் தரையில் விரித்த போர்வை அந்த நேரத்தில் மெதுவாக நகர ஆரம்பிக்கும். அந்த நகர்வைத் தடுப்பதுதான் யோகா மேட்டின் முதல் வேலை. மெத்தென்று இருப்பதெல்லாம் அப்புறம்தான்.

எத்தனை மில்லிமீட்டர் தடிமன் வாங்கலாம்?

இந்தக் கேள்வியில்தான் பெரும்பாலானவர்கள் ஏமாறுகிறார்கள். தடிமன் கூடக்கூட வசதி கூடும் என்று நினைத்து 10 மி.மீ., 12 மி.மீ. என்று தேடுகிறார்கள். விளம்பரமும் அப்படித்தான் சொல்கிறது. ஆனால் நின்று செய்யும் ஆசனங்களுக்குத் தடித்த மேட் எதிரி. விருட்சாசனத்தில் ஒற்றைக் காலில் நிற்கும்போது பாதம் தரையை உணர வேண்டும். தடித்த நுரையில் நின்றால் கணுக்கால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடிக்கொண்டே இருக்கும். கையை ஊன்றும் ஆசனங்களில் உள்ளங்கையின் அடிப்பகுதி நுரைக்குள் அமிழ்ந்து, மணிக்கட்டு இன்னும் அதிகமாக மடங்கும். “மேட் வாங்கினதிலிருந்து மணிக்கட்டு வலிக்கிறது” என்று சொல்பவர்களின் மேட்டைப் பாருங்கள், பல சமயம் அது மெத்தை மாதிரிதான் இருக்கும்.

பொதுவாக 4 முதல் 6 மி.மீ. வரை போதும். நின்று செய்யும் ஆசனமும் சூரிய நமஸ்காரமும் அதிகம் என்றால் 4 அல்லது 5. உட்கார்ந்து, படுத்துச் செய்வது அதிகம் என்றால் 6. வயதானவர்கள் மென்மையான பயிற்சி மட்டும் செய்வதானால் 8 வரை போகலாம். அதற்கு மேல் உள்ளவை தரையில் படுத்துச் செய்யும் உடற்பயிற்சிக்கானவை. யோகா மேட் என்று பெயர் போட்டு விற்கிறார்கள், அவ்வளவுதான்.

1.5, 2 மி.மீ. மேட்கள் பயணத்துக்கு. துணி போல மடித்துப் பெட்டியில் வைத்துக்கொள்ளலாம். சிமென்ட் தரையில் தனியாக விரித்து மண்டியிட்டால் முட்டி கத்தும்.

எனக்கு முட்டி வலி. தடித்த மேட்தானே நல்லது?

மேட் முழுக்கத் தடிமனாக இருக்கத் தேவையில்லை, முட்டிக்கு அடியில் இருந்தால் போதும். 5 மி.மீ. மேட்டை வாங்கிக்கொண்டு, உஷ்ட்ராசனம் போல மண்டியிடும் ஆசனம் வரும்போது மட்டும் ஒரு துண்டை மடித்து முட்டிக்கு அடியில் வையுங்கள். மேட்டின் ஓரத்தையே ஒரு மடிப்பு மடித்துக்கொண்டாலும் சரி. வஜ்ராசனத்தில் கணுக்கால் வலித்தால் அதே துண்டைச் சுருட்டிக் கணுக்காலுக்கு அடியில் வைக்கலாம். செலவே இல்லாத வழி இது.

பிவிசி, டிபிஇ, ஈவிஏ, என்பிஆர் என்று போட்டிருக்கிறதே. என்ன வித்தியாசம்?

மேட் எதனால் செய்யப்பட்டது என்பதைத்தான் அந்த எழுத்துகள் சொல்கின்றன. விலையும் ஆயுளும் கிரிப்பும் பெரும்பாலும் இதைப் பொறுத்ததுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

ஈவிஏ என்பது ஸ்போர்ட்ஸ் ஷூவின் அடியில் வருகிற நுரை வகை. எடையே இருக்காது, விலையும் குறைவு. ஆனால் சீக்கிரம் அமுங்கிப்போகும். தினமும் குதிகால் ஊன்றும் இடத்தில் சில மாதங்களில் பள்ளம் விழும். குழந்தைகளுக்கும் எப்போதாவது செய்பவர்களுக்கும் சரி.

என்பிஆர், செயற்கை ரப்பர் நுரை. 10 மி.மீ.க்கு மேல் தடிமனாக வரும் மேட்களில் பெரும்பாலானவை இதுதான். தொட்டால் மெத்தென்று இருக்கும், கடையில் தொட்டுப் பார்ப்பவரை மயக்கிவிடும். நகம் பட்டால் கிழியும், இழுத்தால் நீளும், வியர்த்தால் வழுக்கும். முதுகுக்கு அடியில் போட்டு வயிற்றுப் பயிற்சி செய்ய நன்றாக இருக்கும். சூரிய நமஸ்காரத்துக்கு வேண்டாம்.

பிவிசிதான் வகுப்புகளில் அதிகம் பார்க்கும் ரகம். உழைக்கும், சுலபமாகத் துடைக்கலாம், கிரிப்பும் பரவாயில்லை. குறை என்னவென்றால் இது பிளாஸ்டிக். மக்காது. மலிவான பிவிசியை மென்மையாக்கச் சேர்க்கும் தாலேட் வகை ரசாயனங்களைப் பற்றிய கவலையும் உண்டு. தாலேட் சேர்க்காதது என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். பிரித்த உடனே மூக்கைத் துளைக்கும் நெடி அடித்தால் சில நாள் நிழலில் காற்றாட விடுங்கள். அப்புறமும் தலைவலிக்கும் அளவுக்கு வாடை இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

டிபிஇ, பிவிசிக்கும் ரப்பருக்கும் நடுவில். எடை குறைவு, 6 மி.மீ. மேட் ஒரு கிலோவுக்குள் இருக்கும். வாடை குறைவு. பெரும்பாலும் இரண்டு நிறத்தில், மேலே ஒரு வார்ப்பும் அடியில் இன்னொரு வார்ப்புமாக வரும். சூடு மட்டும் இதற்கு ஆகாது. வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டால் நெளிந்துபோகும். “சுற்றுச்சூழலுக்கு உகந்தது” என்று அட்டையில் போட்டிருப்பதை அப்படியே நம்ப வேண்டாம். இதுவும் செயற்கைப் பொருள்தான்.

இயற்கை ரப்பர் மேட் என்பது கன்னியாகுமரி மாவட்டத்துத் தோட்டங்களில் மரத்தைக் கீறி எடுக்கிறார்களே, அந்த ரப்பர் பாலிலிருந்து வருவது. கிரிப் என்றால் இதுதான். காய்ந்த கையானாலும் ஈரக் கையானாலும் பிடித்து நிறுத்தும். ஆனால் கனம், 5 மி.மீ. மேட் இரண்டு கிலோவுக்கு மேல் இருக்கும். பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வகுப்புக்குப் போகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். முதல் சில வாரங்கள் டயர் கடை வாசம் இருக்கும். வெயிலும் எண்ணெயும் பட்டால் பொடிந்து உதிரும். ரப்பர் கையுறை, பலூன் போன்றவை தொட்டால் தோல் தடித்துப்போகும் லேடெக்ஸ் ஒவ்வாமை உள்ளவர்கள் இந்தப் பக்கமே போக வேண்டாம்.

கார்க் மேட்டில் மேலே தக்கை, அடியில் ரப்பர் அல்லது டிபிஇ. போர்ச்சுகலில் அதிகம் விளையும் கார்க் ஓக் மரத்தின் பட்டைதான் இந்தத் தக்கை. ஈரம் பட்டால் பிடிப்பு கூடும் என்பது இதன் தனிக் குணம். காய்ந்திருக்கும்போது கொஞ்சம் வழுக்கும், அதனால் ஆரம்பிக்கும் முன் லேசாகத் தண்ணீர் தெளித்துக்கொள்வார்கள். வருடக் கணக்கில் சுருட்டி விரித்தால் ஓரங்கள் உதிரும்.

பட்ஜெட் 500 ரூபாய்தான். எதை எடுக்கலாம்?

4 மி.மீ. பிவிசி. அதே விலைக்கு 8, 10 மி.மீ. நுரை மேட் கண்ணைப் பறிக்கும், எடுக்காதீர்கள். மெல்லியதாக இருந்தாலும் வழுக்காத மேட் இந்த விலையில் கிடைக்கும், தடிமனாகவும் வழுக்காததாகவும் கிடைக்காது. வாரத்தில் மூன்று நாள் செய்தால் ஒரு வருடத்துக்குக் கவலையில்லை. அதற்குள் நீங்கள் யோகாவைத் தொடர்கிறீர்களா என்பதும் தெரிந்துவிடும்.

1,000 முதல் 2,000 ரூபாய் வரை செலவழிக்கலாம் என்றால்?

தினமும் செய்கிற சாதாரண வீட்டுக்கு இதுதான் சரியான இடம். 5 அல்லது 6 மி.மீ. டிபிஇ, அல்லது கொஞ்சம் அடர்த்தியான பிவிசி கிடைக்கும். ஜூன் 21 சர்வதேச யோகா தினத்தை ஒட்டி ஆன்லைன் கடைகளில் தள்ளுபடி விடுவார்கள். அவசரமில்லை என்றால் அதுவரை பொறுக்கலாம்.

3,000 ரூபாய்க்கு மேல் கொடுப்பதில் அர்த்தம் இருக்கிறதா?

தினம் ஒரு மணி நேரம், வியர்க்க வியர்க்க, கை ஊன்றும் ஆசனங்களாகச் செய்கிறவர்களுக்கு இருக்கிறது. நல்ல ரப்பர் மேட்டில் கை நகராது என்ற நம்பிக்கை வந்தபிறகு ஆசனமே மாறும். வழுக்குமோ என்று தோளை இறுக்கிப் பிடித்திருந்தவர் தளர்ந்து மூச்சு விடுவதைக் கண்ணால் பார்க்கலாம். வாரம் ஒரு முறை செய்பவருக்கு இந்தச் செலவு தேவையில்லை.

இன்னும் மேலே போனால் மண்டூகா ப்ரோ போன்ற மேட்கள். 6 மி.மீ. தடிமன், ஏறக்குறைய மூன்றரைக் கிலோ. வேடிக்கை என்னவென்றால் அதுவும் பிவிசிதான், ஆனால் மிக அடர்த்தியான பிவிசி. எடுத்துக்கொண்டு அலைய முடியாது, ஒரே இடத்தில் போட்டு வைத்தால் வருடக் கணக்கில் தேயாது. யோகா ஆசிரியர்கள் வாங்குவது நியாயம். மற்றவர்கள் அந்தப் பணத்துக்கு நல்ல ஆசிரியரிடம் சில மாதம் கற்றுக்கொள்ளலாம் என்பது என் கருத்து.

சென்னை மாதிரிப் புழுக்கமான ஊர். எந்த மேட் போட்டாலும் வியர்வையில் வழுக்குகிறதே?

மேட்டின் மேற்பரப்பு இரண்டு விதம். ஒன்று ஈரத்தை உள்ளே விடாது. பிவிசி, டிபிஇ பெரும்பாலும் இப்படி. துடைப்பது சுலபம், ஆனால் வியர்வை மேலேயே நின்று வழுக்கும். இன்னொன்று ஈரத்தை உறிஞ்சும். இயற்கை ரப்பர் சிலவும், பியூ (பாலியூரித்தேன் என்ற செயற்கைப் பொருள்) பூச்சு கொடுத்த மேட்களும் இப்படி. வழுக்காது, ஆனால் சரியாகக் காயவிடாவிட்டால் நாற்றம் பிடிக்கும். கடலோர ஊர்களில் அதற்கு அதிக நாள் ஆகாது.

புது மேட் வாங்குவதற்கு முன் ஒன்று செய்து பாருங்கள். ஈரிழைத் துண்டு ஒன்றை மேட்டின் முன்பக்கம், கை ஊன்றும் இடத்தில் விரித்து, அதன்மேல் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். காய்ந்த துண்டு நகரும். லேசாக நனைந்த துண்டு மேட்டோடு ஒட்டி நிற்கும். நூறு ரூபாய்த் துண்டில் பலருக்கு இந்தப் பிரச்சினை தீர்ந்திருக்கிறது. அப்படியும் வழுக்கினால் ரப்பர், பியூ அல்லது கார்க் பக்கம் போகலாம்.

புது மேட்டே வழுக்குகிறது. ஏமாந்துவிட்டேனா?

அவசரப்பட வேண்டாம். தயாரிக்கும்போது படியும் மெல்லிய படலம் பல மேட்களில் இருக்கும். சோப்புத் தண்ணீரில் துணியை நனைத்துப் பிழிந்து இரண்டு பக்கமும் துடைத்து, மறுபடி வெறும் தண்ணீரில் துடைத்து, நிழலில் காயவிடுங்கள். அடர்த்தியான பிவிசி மேட் என்றால் கல் உப்பைத் தூவி, ஈரத் துணியால் தேய்த்துக் கழுவுகிறவர்களும் உண்டு. ரப்பருக்கும் கார்க்குக்கும் உப்பு வைத்தியம் வேண்டாம்.

இன்னொரு காரணத்தை யாரும் யோசிப்பதில்லை: எண்ணெய். காலையில் தேங்காய் எண்ணெய் தடவித் தலை வாரிய கையோடு மேட்டில் இறங்கினால் எந்த மேட்டும் வழுக்கும். கால் மாய்ஸ்சரைசரும் அப்படித்தான். கை கால் கழுவிவிட்டு ஏறுங்கள்.

நீளம் எவ்வளவு வேண்டும்?

வழக்கமான மேட் 173 செ.மீ. நீளம், 61 செ.மீ. அகலம், அதாவது ஐந்தடி எட்டங்குலத்துக்கு இரண்டடி. சவாசனத்தில் படுத்தால் தலையும் குதிகாலும் மேட்டுக்குள் இருக்க வேண்டும். ஐந்தடி ஆறங்குலத்துக்கு மேல் உயரம் உள்ளவர்கள் 183 செ.மீ. மேட் வாங்குவது நல்லது. உடல்வாகு பெரிதாக இருந்தால் நீளத்தைவிட அகலத்தைக் கவனியுங்கள். 66 செ.மீ. அகலத்திலும் சில மேட்கள் வருகின்றன.

கோரைப் பாயிலோ ஜமுக்காளத்திலோ செய்தால் என்ன?

தாராளமாகச் செய்யலாம், எதற்கு என்பதுதான் கேள்வி. பத்தமடைப் பாய் உட்கார்ந்து மூச்சுப் பயிற்சி செய்ய அருமை. உடம்பில் ஒட்டாது, வெயில் காலத்தில் சூடு தெரியாது. ஆனால் மிக மெல்லிய கோரையில் நெருக்கமாக நெய்த பட்டுப் பாய் ரகத்தை இதற்குப் போட்டுத் தேய்க்காதீர்கள், சாதாரணக் கோரைப் பாய் போதும். பாய் மண் தரையிலும் சொரசொரப்பான சிமென்ட் தரையிலும் நிற்கும், டைல்ஸிலும் கிரானைட்டிலும் சறுக்கும். மெத்தென்று இருக்காது, அதனால் முதுகெலும்பு உருளும் ஆசனங்களுக்கு மேலே ஒரு போர்வை வேண்டும்.

பவானி ஜமுக்காளத்தின் கதை வேறு. தடித்த பருத்தி, வியர்வையை உறிஞ்சும், துவைத்துக் காயப்போடலாம். மைசூரில் அஷ்டாங்க யோகா பயில்பவர்கள் இது போன்ற பருத்தி விரிப்பைத்தான் மேட்டின் மேல் விரித்துக்கொள்கிறார்கள். அந்த யோசனையை நாமும் எடுத்துக்கொள்ளலாம். அடியில் 400 ரூபாய் பிவிசி மேட், மேலே மேட் அகலத்துக்கு மடித்த ஜமுக்காளம். தரையில் நகராது, வியர்வையும் தங்காது. விலை உயர்ந்த மேட்டுக்கு நான் சொல்லும் முதல் மாற்று இதுதான்.

அந்தக் காலத்தில் மேட் இல்லாமல்தானே யோகா செய்தார்கள்?

ஆமாம், விரிப்பு இருந்தது, இன்று நாம் பார்க்கும் ஒட்டும் மேட் இல்லை. பகவத் கீதையின் ஆறாம் அத்தியாயத்தில் தியானத்துக்கு உட்கார தர்ப்பை, தோல், துணி என்று ஒன்றன்மேல் ஒன்றாக விரிக்கச் சொல்லியிருக்கிறது. அது அசையாமல் உட்காருவதற்கான இருக்கை. அதன்மேல் யாரும் காலை அகட்டி நின்று திரிகோணாசனம் செய்யப் போவதில்லை.

ஒட்டும் மேட்டின் வரலாறு நாற்பது வருடத்துச் சமாச்சாரம்தான். ஏஞ்சலா ஃபார்மர் என்ற யோகா ஆசிரியை 1982-இல் ஜெர்மனியில் வகுப்பு எடுத்தபோது, கம்பளம் நகராமல் இருக்க அதற்கு அடியில் போடும் ரப்பர் மாதிரியான விரிப்பை வெட்டி எடுத்துப் பயன்படுத்தினார். கால் வழுக்கவில்லை. பார்த்தவர்கள் எல்லோரும் கேட்க ஆரம்பித்தார்கள்.

ஆன்லைனில் வாங்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

முதலில் பொருளின் பெயர் தெளிவாக இருக்கிறதா என்று பாருங்கள். “உயர்தர நுரை” என்று மட்டும் போட்டு, என்ன நுரை என்று சொல்லாவிட்டால் அது பெரும்பாலும் ஈவிஏ அல்லது என்பிஆர். அடுத்து எடை. ஒரே அளவு, ஒரே பொருள், ஆனால் ஒன்று 500 கிராம், இன்னொன்று 900 கிராம் என்றால் கனமானதில்தான் சரக்கு அதிகம், மற்றதில் காற்று. ரிவ்யூக்களில் ஐந்து நட்சத்திரத்தை விடுங்கள், “வந்துவிட்டது, நிறம் நன்றாக இருக்கிறது” என்றுதான் இருக்கும். மூன்று நட்சத்திரம் கொடுத்தவர்கள் ஆறு மாதம் கழித்து எழுதியதைத் தேடிப் படியுங்கள்.

பக்கத்தில் கடை இருந்தால் நேரில் போவதே மேல். கட்டைவிரலால் அழுத்திவிட்டு எடுங்கள். பள்ளம் உடனே எழும்ப வேண்டும். அப்புறம் மேட்டைத் தரையில் விரித்து, உள்ளங்கையை ஊன்றி முன்னால் தள்ளிப் பாருங்கள். கை வழுக்குகிறதா, மேட்டே நகர்கிறதா, மேட் இழுபட்டுச் சுருங்குகிறதா என்று அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும்.

கோடு போட்ட மேட் உபயோகமா?

ஆசிரியர் இல்லாமல் வீடியோ பார்த்துச் செய்பவர்களுக்குக் கொஞ்சம். இரண்டு கையும் சமமாக இருக்கிறதா என்று பார்க்கலாம். அதற்காகக் கூடுதல் பணம் தர வேண்டாம்.

மொட்டை மாடியில் செய்கிறேன். மேட் சீக்கிரம் பாழாகுமா?

வெயிலில் விட்டுவிட்டு வந்தால் பாழாகும். ரப்பர் மேட் நேரடி வெயிலில் வெடிப்பு விடும், டிபிஇ நெளியும். தட்டோடு பதித்த சொரசொரப்பான தளம் மேட்டின் அடியைத் தேய்க்கவும் செய்யும். மாடிக்கென்று ஒரு மலிவான பிவிசி மேட்டை வைத்துக்கொள்ளுங்கள், அல்லது அடியில் பழைய கோரைப் பாயைப் போட்டு அதன்மேல் மேட்டை விரியுங்கள். சொரசொரப்பான தரையில் பாய் நகராது.

எப்படிச் சுத்தம் செய்வது? வாஷிங் மெஷினில் போடலாமா?

போடக் கூடாது. நுரை கிழியும், ரப்பர் தண்ணீரைக் குடித்துக்கொண்டு நாள் கணக்கில் காயாது. பயிற்சி முடிந்ததும் ஈரத் துணியால் துடைத்து, காற்றாட விட்டு, ஈரம் போனபின் சுருட்டினால் போதும். மாதம் ஒரு முறையோ இரண்டு முறையோ, ஒரு மக்கு தண்ணீரில் சில சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் கலந்து துடைக்கலாம். ஃபினாயில், டெட்டால் எல்லாம் வேண்டாம். வாசனைக்காக எண்ணெய்ச் சொட்டு கலந்து தெளிப்பதை ரப்பர் மேட்டில் செய்யாதீர்கள். சுருட்டும்போது கை ஊன்றும் பக்கம் வெளியே வரும்படி சுருட்டினால், அடுத்த முறை விரிக்கும்போது ஓரம் மேலே எழும்பாது.

வீட்டில் நாலு பேருக்கும் ஒரே மேட் போதுமா?

ஆளுக்கொரு துண்டு வைத்துக்கொண்டால் போதும். காலில் சேற்றுப்புண்ணோ படையோ இருப்பவர் குணமாகும்வரை தனி மேட்டில் செய்யட்டும். வகுப்பில் பொதுவாகக் கொடுக்கும் மேட்டை எடுக்கிறவர்களும் மேலே தங்கள் துண்டை விரித்துக்கொள்வது நல்லது.

மேட்டை எப்போது மாற்ற வேண்டும்? பழையதை என்ன செய்வது?

கை வைக்கும் இடம் வழவழவென்று பளபளத்தாலோ, துகள் துகளாக உதிர்ந்து துணியில் ஒட்டினாலோ, கழுவியும் நாற்றம் போகாவிட்டாலோ மாற்றிவிடலாம். நிறம் மங்குவது ஒரு காரணமே இல்லை.

பழைய மேட்டைப் போகிக்கு எரித்துவிடாதீர்கள். பிவிசி எரிந்தால் வரும் புகை நச்சு. அதைவிட வெட்டிப் பயன்படுத்தலாம். தையல் மெஷினுக்கு அடியில் ஒரு துண்டு போட்டால் அதிர்வும் சத்தமும் குறையும். கிரைண்டர், மிக்சிக்கு அடியில் போட்டால் மேடையில் நகராது. உள்ளங்கை அளவு ஒரு சதுரம் வெட்டிச் சமையலறையில் வைத்துக்கொண்டால், திறக்க முடியாத ஊறுகாய் பாட்டில் மூடியைப் பிடித்துத் திருக வசதி.